படிக்க முடியாத கோப்பை அழித்துவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை வட்டாரத்து ஊர் வரலாறு, கோயில் கொடைப் பாடல்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பழைய கணினியில் அடித்து வைத்திருந்ததெல்லாம் கெட்டுப்போய்விட்டதால் மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. பாளையங்கோட்டையில் டி.டி.பி. (கணினியில் அச்சுக்கோக்கும்) வேலை பார்க்கிற எனக்கு அந்த வரி மனசை உறுத்துகிறது. கெட்டுப்போனது என்று எங்களிடம் வருகிற கோப்புகளில் பெரும்பாலானவை மீட்கக்கூடியவை.

"அண்ணாச்சி, புது சிஸ்டத்துல போட்டா என்னமோ எழுத்தா வருது" என்று பென் டிரைவை நீட்டுவார்கள். என்ன எழுத்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கட்டங்கட்டமாக வந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் உள்ளே கிடக்கும். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டும்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வந்தால், அது நல்ல யூனிகோடு, அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான இன்றைய குறியீட்டு முறை. யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு. அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகக் கணினி படித்துவிட்டது. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்பை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறக்கும்போது இது அடிக்கடி நடக்கும். சேவ் கொடுக்காமல் மூடிவிட்டு, டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து 65001 என்ற யூனிகோடு முறையைத் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் அப்படியே வந்துவிடும்.

பயப்பட வேண்டியது வெறும் கேள்விக்குறிகளுக்குத்தான். யூனிகோடு தமிழை நோட்பேடில் ஆன்சி (தமிழுக்கு இடமில்லாத பழைய முறை) என்று சேமிக்கப் போனால் எழுத்துகள் போய்விடும் என்று எச்சரிக்கை வரும். அவசரத்தில் ஓகே கொடுத்துவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகவே பதிவாகிவிடும். அதை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. அதனால்தான் மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் மன்றாடுகிறேன்.

பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் உறுப்பினர் பட்டியலில் பேச்சியம்மாள், வேலம்மாள், சேர்மக்கனி, பெருமாள் எல்லோரும் அடுத்தடுத்து நின்றார்கள். பாமினியில் கொம்பைத்தான் (ெ, ே) முதலில் அடிக்க வேண்டும், மெய் அதற்குப் பிறகு. பாமினியில் இருந்தபோதே அகரவரிசைப்படுத்தியதால் கணினி கொம்பையே முதலெழுத்தாக எடுத்துக்கொண்டது. யூனிகோடில் வரிசை நேர்மாறு, மெய் முன்னே, கொம்பு பின்னே. சரியாக இடம் மாற்றாத கருவியில் போட்டால் கொம்பு தனியாகப் பிரிந்து, புள்ளி வட்டத்தோடு சொல்லுக்கு முன்னால் தொங்கும். ‘கௌ’வில் கடைசிக் குறிக்குப் பதில் ‘ள’ எழுத்தே வந்து உட்காருவதும் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடினால் அகப்படாது. ஆகவே பெயர்ப் பட்டியலை ஒருவர் வாசிக்க, மற்றவர் பழைய அச்சுப் படியோடு ஒத்துப் பார்த்தே தீர வேண்டும். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்று குறியாக்கங்கள் (எழுத்துகளைக் கணினிக்குள் குறிக்கும் முறைகள்) வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்பு அச்சகங்களில் அடித்தவை பெரும்பாலும் ஏதோ ஓர் எழுத்துருவை நம்பியே இருக்கும். அது பாமினியா, வானவில்லா, ஸ்ரீலிபியா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய பழைய ஆட்கள் திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். கொடைப் பாடல் சேகரித்தவர்கள் குறுந்தகடுகளோடு இப்போதே அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். படைப்பு அனுப்புவோருக்கான குறிப்பில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: யூனிகோடில் அனுப்பவும், பழைய கோப்பு என்றால் எழுத்துருவின் பெயரையும், சரியாகத் தெரியும் கணினியில் எடுத்த ஒரு பக்க அச்சுப் படியையும் சேர்த்து அனுப்பவும்.

இப்படிக்கு,
டி.டி.பி. தொழிலாளி ஒருவர்,
பாளையங்கோட்டை.