இருபது டெக்ஸ், இருபதாம் நம்பர்

திருப்பூர்

அன்புள்ள சுப்பு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாரியம்மன் நோம்பிக்கு நீ வராததில் அவளுக்கு இன்னும் கோபம்தான். பெங்களூரில் லீவே கொடுக்க மாட்டார்களா என்று கேட்கிறாள், பதிலை நீயே சொல்லிக்கொள். சண்முகம் மறுபடியும் வண்டி மாற்றிவிட்டான். என்ன நிறம் என்று உனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் மென்பொருள் பார்த்துக்கொடுக்கிற ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டருக்கு நூல் வந்து இறங்கியது. கிடங்கில் இருக்கும் பெரியவர் ஒரு கோனை எடுத்து, நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்துவிட்டு, "சாம்பிளுக்கு ஓட்டுனது முப்பதுங்க, இது இருபதுங்க" என்றார். எல்லா மூட்டையும் இருபதாம் நம்பர். ஆர்டர் தாளில் 20 டெக்ஸ் என்று தெளிவாகவே இருக்கிறது. மென்பொருள் மில்லுக்கு அனுப்பிய தாளில் 20ஆம் நம்பர் என்று இருக்கிறது.

நீ நூல் பக்கம் வந்ததில்லை, அதனால் சொல்கிறேன். 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு நூலில் எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் இங்கே நாங்கள் சொல்லும் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். டெக்ஸ் இதற்குத் தலைகீழ். 1000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்கு அது, எண் ஏறினால் நூல் தடிக்கும். ஒரே நூலின் இரண்டு எண்களையும் பெருக்கினால் 590.5 வரும். ஆக 20 டெக்ஸ் என்பது 29.5ஆம் நம்பர், முப்பது என்று வாங்குவார்கள். 20ஆம் நம்பரோ 29.5 டெக்ஸ். கேட்டதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம்!

பழி முழுவதும் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மேல் விழுந்தது. கோபிப் பக்கத்துப் பிள்ளை, வீட்டில் முதல் பட்டதாரி. வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போயிருந்தது. அவள் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்தேன். நிரல்மொழியான ஜாவா குறை சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை. கோப்பில் "20" என்ற ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், இருக்கிறது, அதை டபுளாக, அதாவது புள்ளி வைத்த எண்ணாக, மாற்றியிருக்கிறாள். நூல் அளவை வாங்கும் மெத்தட், நிரலின் அந்தத் துண்டு, அவள் வருவதற்கு முன்பே எழுதப்பட்டது, அது கேட்பதும் ஒரு டபுள். கேட்டதைக் கொடுத்தாள். அந்த 20 டபுளானபோது ஆர்டர் தாளில் இருந்த "டெக்ஸ்" என்ற பாதி விஷயம் தொலைந்துபோனது, மெத்தட் அதை நம்பர் என்று எடுத்துக்கொண்டது. டபுள் இருக்கும் இடத்துக்கு டபுள் வந்தால் நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் எதற்கு வாயைத் திறக்கும்?

முதலாளியிடம் உட்கார்ந்து பேசினேன். "ஒரு நம்பர்தானே, அதைக்கூடப் பார்த்துப் போட முடியாதா?" என்றார். ஏரியன் 5 ராக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். 1996 ஜூன் 4 அன்று கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியது. 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது, அது 16 பிட் தாங்கும் 32,767க்குள் அடங்கவில்லை. அந்த நிரல் ஏரியன் 4க்காக எழுதப்பட்டது, அங்கே சரியாகவே ஓடியது. புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். நான்கு செயற்கைக்கோள்கள் அதோடு போயின. அதுவும் ஒரு நம்பர்தான் என்றேன். நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். மில்லோடு பேசி நூலை மாற்றிக்கொள்கிறேன், பிள்ளையை இனி ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

அப்புறம் அவளும் நானும் உட்கார்ந்து இதைத் திருத்தினோம். அவளுடைய முதல் யோசனை 'நூல்அளவு' என்று ஒரு தாய் வகுப்பு (கிளாஸ், ஒரு பொருள் எப்படி இருக்கும் என்ற வரையறை), அதன் கீழே 'நம்பர்', 'டெக்ஸ்' என்று இரண்டு. "டெக்ஸ்னு அடைப்புக்குறிக்குள்ள போட்டா மாறிடாதுங்களாண்ணா?" என்று கேட்டாள். சுப்பு, நமக்குப் பாடம் எடுத்தபோதும் இதை யாருமே பிரித்துச் சொல்லவில்லையே! அடைப்புக்குறிக்குள் இன்ட், அதாவது முழு எண், என்று போட்டு 29.5ஐக் கொடுத்தால் 29 என்று ஒரு புது மதிப்பு பிறக்கிறது. வகுப்பிலிருந்து செய்த ஒரு பொருளுக்கு முன்னால் அதே அடைப்புக்குறியைப் போட்டால் எதுவுமே பிறப்பதில்லை. பொருள் இருந்தபடியே இருக்கிறது. "இது டெக்ஸ்தான்" என்று நாம் சத்தியம் செய்கிறோம், ஓடும்போது ஜாவா சரிபார்க்கிறது, பொய்யென்றால் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் என்ற பிழை. 20ஆம் நம்பரை 29.5 டெக்ஸாக மாற்றும் கணக்கு அந்த அடைப்புக்குறிக்குள் எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் ஒரே உடை போட்டுவிட்டதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். 2021இல் வந்த ஜாவா 16இல், பொருள் இந்த வகைதானா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் கேட்டதும் அந்த வகையிலேயே ஒரு மாறி கையில் கிடைத்துவிடுகிறது, தனியாக அந்த அடைப்புக்குறியை, அதாவது காஸ்ட்டை, எழுத வேண்டியதில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

கடைசியில் தாய் வகுப்பை எடுத்துவிட்டோம். 'நம்பர்' தனி, 'டெக்ஸ்' தனி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டபுள், வெளியே தெரியாது. மாற்ற வேண்டுமானால் டெக்ஸாகமாற்று என்ற மெத்தடைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 590.5 நிரல் முழுவதிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கோப்பைப் படிக்கும் இடத்தில் அலகு இல்லாத எண் வந்தால் ஆர்டரே உள்ளே நுழையாது. பழைய மெத்தடுக்கு டெக்ஸைக் கொடுத்துப் பார்த்தாள். கம்பைலர் மறுத்ததும் அந்தப் பிள்ளை முகத்தில் வந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

உடனே நீ சி++ கொடியைத் தூக்கிக்கொண்டு வருவாய், தெரியும். உன் சி++ மொழியில், பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் முன்னால் எக்ஸ்ப்ளிசிட் என்ற சொல்லை எழுதாமல் விட்டால், டெக்ஸ் கேட்கும் இடத்தில் வெறும் 20.0 சத்தமில்லாமல் டெக்ஸாக உள்ளே போய்விடும். ஜாவாவும் யோக்கியம் இல்லை. 1,67,772 ரூபாய் 17 பைசாவைப் பைசாவாக இன்ட்டில் வை, 1,67,77,217. அதை டபுளின் தம்பியான ஃப்ளோட்டில் போடு. காஸ்ட் கேட்காது, எச்சரிக்காது, கடைசி 7 மட்டும் 6 ஆகிவிடும். ஃப்ளோட்டில் எண்ணுக்கென்று இருப்பது 24 பிட்தான். இதை 'விரிவாக்கம்' என்ற தலைப்பில் பாடப் புத்தகத்தில் போட்டு, பாதுகாப்பானது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு இதில்தான் பொறுக்கவில்லை. மாற்றம் நடக்கட்டும், நடக்கிற இடம் படிப்பவன் கண்ணில் பட வேண்டும். இதை இப்போது பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு இடத்தில் உன் யோசனை வேண்டும். 20 டெக்ஸை மாற்றினால் 29.5 வருகிறது, வாங்குவதோ 30. இந்த முழுமையாக்கலை மாற்றும் மெத்தடுக்குள்ளேயே வைக்கலாம் என்கிறாள் அவள். வெளியே, கொள்முதல் பக்கத்தில் இருக்கட்டும் என்கிறேன் நான். எந்த நம்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது என்பது வியாபாரம் பார்ப்பவர் முடிவு, நூலின் கணக்கில் அது சேராது. அவள் விடுவதாக இல்லை, அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு இடத்தில் ஆளுக்கு ஒரு விதமாக முழுமையாக்குவார்கள். நிரலை மெயிலில் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிட்டுக் கூப்பிடு, திங்கட்கிழமை அடுத்த ஆர்டர் ஏற்ற வேண்டும்.

அன்புடன்,
கதிர்