ஒரு வாஸ்ப் என்ஜினைப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறையினருக்கு,

வணக்கம். பறக்கும் காலம் முடிந்துபோன ஒரு பிராட் அண்ட் விட்னி ஆர்-1340 வாஸ்ப் ரேடியல் என்ஜினை, அதாவது சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் விமான என்ஜினை, தேடிப்பிடித்து, மாணவர்கள் பிரித்துப் பூட்டிப் பழகக் கொடுங்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்க வேண்டாம். ஸ்பேனர் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அது நமக்கு அந்நியமான என்ஜின் இல்லை. தென்னாப்பிரிக்க விமானப்படையின் ஹார்வர்ட் பயிற்சி விமானங்கள் 1940களிலிருந்து 1995 வரை அதை வைத்துத்தான் பறந்தன. டர்பன் துறைமுகமும் ரேடியல்களை நன்றாக அறியும். 1937இல் இங்கே வரத் தொடங்கிய இம்பீரியல் ஏர்வேஸ் பறக்கும் படகுகளில் ஒவ்வொன்றிலும் நான்கு பிரிஸ்டல் பெகாசஸ் ரேடியல்கள் இருந்தன. போருக்குப் பிறகு 1957 வரை இங்கிருந்து பறந்த சண்டர்லேண்டு பறக்கும் படகுகளில் இரட்டை வரிசை ட்வின் வாஸ்ப் என்ஜின்கள்.

முதல் வாஸ்ப் 1925 டிசம்பரில் உருவானது. அதை ஏன் இன்று பிரிக்க வேண்டும்? அதன் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. ஒன்பது சிலிண்டர்களுக்கும் கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டில் ஒரே கிராங்க் பின்தான். ஒரு பிஸ்டனை அதோடு இணைக்கும் மாஸ்டர் ராட் அந்தப் பின்னைப் பிடித்துக்கொள்ள, மற்ற எட்டு ராட்களும் அந்த மாஸ்டர் ராடில் கோத்துக்கொள்கின்றன. அந்த ராட் ஒரே துண்டு. அதைப் பின்னில் மாட்டுவதற்காகக் கிராங்க் ஷாஃப்டை இரண்டாகச் செய்து பிறகு சேர்த்தார்கள். சிலிண்டர் செய்த விதம் இன்னும் அழகு. அலுமினியத் தலையைச் சூடாக்கி, எஃகுக் குழாயின் மேல் திருகுவார்கள். ஆறியதும் அது இறுகப் பிடித்துக்கொள்ளும். வெப்ப விரிவைப் பலகையில் எழுதிக் காட்டுவதைவிட இதைக் கையில் கொடுத்தால் பிள்ளைக்கு மறக்காது.

வெடிக்கும் வரிசை 1, 3, 5, 7, 9, அப்புறம் 2, 4, 6, 8. சிலிண்டர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால்தான், ஒன்றுவிட்டு ஒன்றாக வெடித்தும் இரண்டு சுற்றில் எல்லாச் சிலிண்டர்களுக்கும் முறை சீராக வருகிறது. நிறுத்திவைத்த என்ஜினில் எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். எண்ணெய் அமுங்காது; புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் ராட் வளைந்துவிடலாம். கையால் சுற்றும்போது தடைபட்டால் கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும், பலத்தால் தள்ளக் கூடாது. இந்தப் பொறுமை எந்த இயந்திரத்தைத் தொடுபவருக்கும் தேவை.

உங்களிடமே கேட்பதற்குக் காரணம் உண்டு. 1922இன் அப்ரென்டிஸ் சட்டம் வைத்த பள்ளிப்படிப்பு நிபந்தனையால், நம் தாத்தாக்கள் காலத்தில் இந்தியர், ஆப்பிரிக்கர் பலருக்குத் தொழிற்பயிற்சிக் கதவு மூடியே கிடந்தது. கரும்புத் தோட்டத்திலும் ரயில்வேயிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் ஸ்பேனர் பிடிக்கவும் இடம் தேட வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலியாக வந்த எம். எல். சுல்தான் தன் செல்வத்தைக் கொடுத்து எழுப்பிய தொழில்நுட்பக் கல்லூரி, பின்னாளில் உங்களோடுதான் இணைந்தது. அந்த வழியில் வந்த இடத்தில், நல்ல என்ஜினை முழுசாகத் திறந்து பார்க்கும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

ஓட வைக்கும் செலவு வேண்டாம், பறக்கும் சான்றும் வேண்டாம். தேய்ந்த சிலிண்டர், விரிசல் விட்ட தலை என்றாலும் சரி. விரிசலைக் கண்டுபிடிப்பதே ஒரு வகுப்பு. விமான அருங்காட்சியகங்களிடமும் ஹார்வர்ட் வைத்திருப்பவர்களிடமும் முதலில் கேளுங்கள். ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறோம். கூப்பிட்டால் சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஃபிட்டர்