டைம் மெஷின் வைத்திருப்பவனுக்கும் வாடகை உண்டு

அன்புள்ள தம்பி,

உன் திரைக்கதையைப் படித்துவிட்டேன். "சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கு நம்மகிட்ட பட்ஜெட் எங்கண்ணே, இதை ஓரமா வச்சிட்டு ஹாரர் எழுதப் போறேன்" என்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். ஓரமாக வைக்காதே. பட்ஜெட் வருவதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது.

உன் நாயகன் கண்ணாடிக் கட்டடத்தில் ஆராய்ச்சி செய்கிறான், வேறோர் உலகத்துக்குக் கதவு திறக்கிறான், அப்புறம் படம் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கிறான். அவன் சம்பளம் என்ன, மதியம் எங்கே சாப்பிடுகிறான், எதுவும் தெரியவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வீட்டுக்கார அம்மா மாடியேறி வந்து, மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவில் பங்கு கேட்கிறார். அவன் "நாளைக்கு" என்கிறான். அந்த அம்மா அதற்குப் பிறகு வரவே இல்லை. ஏன் விட்டாய்?

'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' பார்த்திருப்பாய். 2023இல் 7 ஆஸ்கர் வாங்கிய படம். அதன் சண்டைகளையும் பிரபஞ்சங்களையும் விடு, ஆரம்பத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பார். எவ்லின் என்ற பெண்ணுக்குக் கீழே லாண்டரி, மேலே வீடு. மேசை கொள்ளாத ரசீதுகள். வயதான அப்பாவுக்குச் சாப்பாடு தயாராக வேண்டும், ராத்திரி விருந்துக்கும் ஏற்பாடு பாக்கி. விவாகரத்துப் பத்திரத்தை எப்போது எடுப்பது என்று தெரியாமல் தவிக்கும் கணவன் வேறு. வரி அலுவலகத்தில் அதிகாரி அம்மாள் கரோக்கி மெஷின் பில்லைத் தனியாக எடுத்து, பேனாவால் கறுப்பாக வட்டம் போடுகிறாள். லாண்டரிக்காரிக்குக் கரோக்கி எதற்கு? பாட்டு, சமையல், எழுத்து என்று எவ்லின் ஆசைப்பட்டு விட்டுப்போன வாழ்க்கைகள் எல்லாம் அந்த ரசீதுக் கட்டுக்குள் ஏற்கெனவே கிடக்கின்றன. பல பிரபஞ்சங்களில் அவள் வெவ்வேறு வாழ்க்கை வாழ்வது என்பது அப்புறம்தான் வருகிறது. அவள் நடிகையாகிவிட்ட உலகத்தில் பணக்காரனாக நிற்கும் அதே கணவன், இன்னொரு பிறவியில் உன்னோடு துணி துவைத்து வரி கட்டி வாழப் பிடித்திருக்கும் என்கிற மாதிரி ஒன்று சொல்வானே, அது எடுபடுவது அந்த ரசீதுகளை நாம் பார்த்திருப்பதால்தான். பட்ஜெட் என்றாயே, இதன் கிராஃபிக்ஸில் பெரும்பகுதியைச் செய்தது சின்னக் குழு. அதிலும் பலர் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள்.

பணம்தான் தடை என்றால் 2004இல் வந்த 'பிரைமர்' இருக்கிறது. சுமார் 7,000 டாலரில் எடுத்தது. எழுதி, இயக்கி, நடித்து, எடிட்டிங்கும் இசையும் செய்தது ஒரே ஆள்தான். கார் ஷெட்டில் டை கட்டிய இரண்டு இன்ஜினியர்கள் டைம் மெஷினைத் தற்செயலாகக் கண்டுபிடித்து, முதலில் போய் நிற்பது பங்குச் சந்தையில். (கடைசி அரை மணி நேரம் எனக்குப் புரிந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன்.)

நம் ஊரிலேயே 2015இல் 'இன்று நேற்று நாளை' அதைச் செய்துவிட்டது. வேலைக்குப் போகாமல் பிசினஸ் கனவு காணும் ஒருவன், ஜோசியம் பலிக்காத ஒரு ஜோசியன். எதிர்காலத்திலிருந்து ஒரு டைம் மெஷின் கையில் கிடைக்கிறது. உடனே என்ன செய்கிறார்கள்? நேற்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தொலைந்த பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள்! ஜோசியன் பெயர் எடுத்துவிடுகிறான். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த யோசனை இதுதான். ரவுடியும் துரத்தலும் வந்த பிறகு கொஞ்சம் வழக்கமான படமாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

உன் ஆளுக்கும் அந்தக் கதவு கிடைத்ததும் முதலில் தோன்ற வேண்டியது, பக்கத்து உலகத்தில் நாம் வாடகை கட்டிவிட்டோமா என்பதுதான்.

இதைவிடக் கடுமையான ஒரு படமும் பார்க்கச் சொல்வேன். அலெக்ஸ் ரிவேரா எடுத்த 'ஸ்லீப் டீலர்', 2008. மெக்சிகோவில் ஓஹாகா பக்கத்துக் கிராமம். ஆற்றை மறித்து ஒரு கம்பெனி அணை கட்டிவிட்டது, தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். துப்பாக்கி பொருத்திய கேமரா முன்னால் நின்று அப்பாவும் மகனும் பைகளில் தண்ணீர் பிடிக்கிறார்கள். பிறகு மகன் மெமோ எல்லையோர டிஹுவானாவுக்குப் பிழைக்கப் போகிறான். அமெரிக்காவுக்குள் போக முடியாது, எல்லையில் சுவர். ஆனால் உடம்பில் இணைப்புகளைப் பொருத்திக்கொண்டு, கூரையிலிருந்து தொங்கும் கேபிள்களை மாட்டி, தொழிற்சாலைக்குள் வெறும் காற்றில் கையை அசைத்தால், சான் டியாகோவில் ஒரு ரோபோ கட்டட வேலை செய்யும். அமெரிக்காவுக்கு வேலை வேண்டும், வேலைக்காரன்தான் வேண்டாம், அதைத்தான் கொடுக்கிறோம் என்கிற தொனியில் மேஸ்திரி பேசுவான். ஊருக்குப் பணம் அனுப்பும்போது திரையில் பிடித்தம் போக மீதி எவ்வளவு என்று வரும். அந்த எண்ணைப் பார்த்து மெமோ நிற்கிறானே, எந்த வேற்றுகிரகக் கப்பலும் எனக்கு அந்த அளவு பயம் காட்டியதில்லை. அமெரிக்க நேரத்துக்கு ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் உன் ரூம்மேட்டைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார். உனக்கு வேண்டிய வசனம் அவன் வாயிலிருந்தே வரும்.

இந்தப் படங்களை 'சாமானியர்களின் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்று தனி அலமாரியில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மெஷின் வந்தால் யாருக்கு வேலை குறைகிறது, யாருக்குக் கூடுகிறது, யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்காத படத்தில் விஞ்ஞானம் வெறும் செட்டிங்தான்.

'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' (2019) உனக்குப் பிடிக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போகும் மகன், வீட்டில் எந்த நர்ஸையும் தங்கவிடாத அப்பாவுக்கு ஒரு ரோபோவைக் கொண்டுவந்து விடுகிறான். இங்கே எத்தனை வீட்டில் நடக்கும் கதை! ரோபோவுக்குள் இருந்தது கிராஃபிக்ஸ் இல்லை, உடையை மாட்டிக்கொண்டு நடித்த ஒரு மனிதர். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மகன் வந்து நிற்கும்போது அப்பா மாட்டேன் என்கிறார். அதன் தமிழ் ரீமேக் 'கூகுள் குட்டப்பா' பார்த்தாச்சே என்று தப்பிக்கப் பார்க்காதே, மலையாளத்திலேயே பார்.

அடுத்த டிராஃப்டை மாத முடிவுக்குள் அனுப்பு. கண்ணாடிக் கட்டடம் வேண்டவே வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்