விளக்கணைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பொள்ளாச்சி

பெரியவர்களுக்கும் அண்ணன்மார் அக்காமாருக்கும்,

வணக்கமுங்க. விலங்கியல் முதுகலை படிக்கும் பதினான்கு பேர் சார்பில் இதை எழுதுகிறேன். பிப்ரவரியில் பத்து நாள் களப்பயிற்சிக்குப் போய் வந்தோம். நான்கு நாள் டாப்சிலிப் காடு, ஆறு நாள் நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் குப்பம். "ஆமை பூந்த ஊடு உருப்படாதும்பாங்க, நீ அதைத் தேடிப் போறயாக்கு கண்ணு?" என்று கேட்ட என் அம்மாயிதான் முந்தானை முடிச்சை அவிழ்த்து முதல் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தது. நன்றி அங்கிருந்து தொடங்குகிறது.

அடுத்தது திருப்பூர் பனியன் கம்பெனி அண்ணன். நெஞ்சில் ஆமைப் படம் போட்டுப் பளிச்சென்று பதினான்கு வெள்ளை டீசர்ட் அனுப்பியிருந்தார். போட்டோவைப் பார்த்த குப்பத்துப் பெரியவர் போனிலேயே சிரித்துவிட்டார். ராத்திரி கரையில் வெளுப்பாக எது அசைந்தாலும் ஆமை ஏறாதாம். கிளம்ப இரண்டே நாள். அண்ணன் முகம் சுளிக்காமல் வாங்கிப்போய்க் கருநீலச் சாயம் ஏற்றிக் கொடுத்தார். படமும் சாயத்தில் மறைந்துபோனது. "ஆமைக்கு நீங்க தெரியக்கூடாதுன்னா, உங்க சட்டைல ஆமையும் தெரிய வேண்டாமுங்க" என்றார். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காக 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த கதையையும் அவரே சொன்னார். நொய்யல் காவிரியில் சேர்ந்து அந்தக் கடலுக்குத்தானே போகிறது என்று பஸ்ஸில் கரூரைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

டார்ச்சுகளுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக் கொடுத்துக் காசு வாங்காத ஸ்டேஷனரிக் கடைக்காரருக்கும், ஈர மணலில் விரிக்க பவானி ஜமக்காளம் கொடுத்துவிட்ட சித்திக்கும் நன்றி. (சித்தி, இன்னும் மணல் உதிர்கிறது. துவைத்துத் தருகிறோம்.) கடலாமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் என்பதால், அனுமதி இல்லாமல் ஒரு முட்டையைக்கூடத் தொட முடியாது. கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டும் சலிக்காமல் பதில் சொன்ன வனத்துறை அலுவலர்களுக்கும் நன்றி.

டாப்சிலிப்பில் எங்களை நடத்திக் கூட்டிப்போன மலசர் பழங்குடி அண்ணன் முதல் நாள் முழுக்கப் பேசவே விடவில்லை. இருவாச்சிப் பறவையின் கூடு இருந்த மரத்தைத் தூரத்திலிருந்தே காட்டினார். பொந்துக்குள் பெட்டை தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். வாசலில் ஒரு கீற்றளவுதான் இடைவெளி, அது வழியாகத்தான் சேவல் பழம் ஊட்ட வேண்டும். "நாம நின்னுட்டே இருந்தா அது வராது. உள்ள இருக்கறது பட்டினி" என்றவர் எங்களைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு எனக்கு அப்போது எரிச்சல்தான்.

அந்தப் பாடத்தைக் கடற்கரையில் முதல் ராத்திரியே கோட்டைவிட்டேன். அலையோரம் கறுப்பாக ஒன்று ஏறி வந்தது. பங்குனி ஆமை. கை தானாகப் போனை எடுத்தது, பிளாஷ் அடித்தது. ஆமை நின்றது. அப்படியே திரும்பி, வந்த தடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு தடம் போட்டுக் கடலுக்குள் இறங்கிவிட்டது. பெரியவர் திட்டவில்லை. "நாளைக்கு ஏறும் தம்பி, இல்லாட்டி வேற கரைக்குப் போவும்" என்று பீடியைக்கூடப் பற்றவைக்காமல் நடந்தார். திட்டியிருந்தால் தேவலை.

நான்காம் ராத்திரி ஒன்று ஏறியது. பெரியவர் கையமர்த்த, குப்புறப் படுத்துக் கிடந்தோம். பின்துடுப்புகளால் மாற்றி மாற்றி, அகப்பையில் சோறு அள்ளுவதுபோல மண்ணை அள்ளி வெளியே வைத்தது. கூஜா மாதிரி அடி அகன்ற குழி. முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் "இப்ப வாங்க" என்றார். மூடியதும் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மண்ணை இறுக்கியது. தரையை இறுக்கத் திம்சுக்கட்டை போடுகிற அதே சத்தம். 112 முட்டைகள். சில மணி நேரம் போனால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் புரட்டினால் செத்துவிடும் என்பதால் விடிவதற்குள் வேலியடைத்த பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைத்தோம். மண் சூடு கூடினால் பெண்குஞ்சு, குறைந்தால் ஆண் என்று படித்துத்தான் இருந்தோம். அந்த மண்ணைக் கையால் தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது.

கரைப்பக்கம் எரிந்த பல்பை ஆறு ராத்திரியும் அணைத்துவைத்த டீக்கடை அக்காவுக்கு எப்படி நன்றி சொல்ல? விடிகாலை படகுக்குப் போகிறவர்கள் கடை அடைத்திருப்பதாக நினைத்து நடையைக் கட்டினார்கள். கடைசி நாள் காலை இழுவலையில் சிக்கி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்த ஆமை ஒன்று ஒதுங்கியது. அதைப் புதைக்க மண்வெட்டியோடு முதலில் வந்ததும் அந்த அக்காதான்.

சித்திரை பிறப்பதற்கு முந்தின வாரம், ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியவரிடமிருந்து வீடியோ கால். பதினான்கு பேரும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரே போனைச் சுற்றி நின்றோம். திரை முழுக்கக் கறுப்பு. அலைச் சத்தம் மட்டும். "ஐயா, ஒண்ணும் தெரியலீங்களே" என்றேன்.

"வெளிச்சம் போட்டா குஞ்சுங்க கரைப்பக்கம் திரும்பிரும் தம்பி. காதைக் குடு, எறங்குது" என்றார்.

இப்படிக்கு,
முதல் ராத்திரி பிளாஷ் அடித்தவன்