44-இல் நிற்கும் சர்க்கரை

ஈஸ்ட் ஹாம், லண்டன்.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும் அத்தான், பாப்பா நலமும் அறிய ஆவல்.

"சர்க்கரை கூடியிருக்கிறது என்கிறாய், டாக்டர் ஏன் ஒரு மாத்திரைகூட எழுதித் தரவில்லை?" என்று தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் நீங்கள் கவலைப்படுகிறீர்கள். பேச்சில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது என்பதால் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையை இங்கே சதவிகிதத்தில் சொல்வதில்லை. வேறோர் அளவில், 42 முதல் 47 வரை நீரிழிவுக்கு முந்தைய எல்லைக்கோடு என்றும் 48-ஐத் தொட்டால் நீரிழிவு என்றும் வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக எனக்கு அது 44-ஐ ஒட்டியே நிற்கிறது. கும்பகோணத்தில் உங்கள் லேப் சொல்லும் சதவிகிதக் கணக்கில் ஏறத்தாழ 6.2. வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.1 என்றதும் இவ்வளவு குறைவா என்று அத்தான் சிரித்தாரே, அதுவும் வேறு அளவுதான்; அதை 18-ஆல் பெருக்கினால் உங்கள் லேப் தரும் 110 வந்துவிடும்.

இந்த அளவில் பெரும்பாலும் இங்கே மாத்திரை தொடங்குவதில்லை. அதற்காகக் கைவிட்டுவிடுவதும் இல்லை. ஆண்டுக்கொரு முறை குறுஞ்செய்தி அனுப்பி, இரத்தம் எடுக்க அழைக்கிறார்கள். அரசு மருத்துவச் சேவை 2016-இல் தொடங்கிய தடுப்புத் திட்டத்தில் ஒன்பது மாதம் வகுப்புக்கும் போனேன். வெள்ளைக்காரர்களுக்கு, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீடு 25-ஐத் தாண்டினால்தான் எச்சரிக்கிறார்கள், நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்கிவிடுகிறது என்பதை அங்கேதான் அறிந்தேன். வழக்கமாகச் சாப்பிடும் சோற்றை ஒரு கிண்ணத்தில் அளந்து காட்டச் சொன்னார்கள்; நான் குவித்துக் காட்டிய பொன்னி அரிசிச் சோற்றில் சரிபாதியை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தை அவரைக்காயாலும் பருப்பாலும் நிரப்பச் சொன்னார்கள். இன்றைக்கும் என் தட்டு அப்படித்தான். முதலில் காய், பிறகு சோறு. கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை எல்லாம் ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஆனால் கேழ்வரகென்று சொல்லிக் களியை உருண்டை உருண்டையாக விழுங்கினால் அதுவும் மாவுச்சத்துதான்.

சாப்பிட்டதும் நடப்பதுதான் எனக்குக் கண்கூடாகப் பலன் தருவது. தசைகள் வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை நேராக எடுத்துக்கொள்கின்றன. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், பூங்காவை விட்டுவிட்டு, கம்பளித் தொப்பியும் கையுறையுமாகக் கடைத்தெரு வெளிச்சத்திலேயே போய்த் திரும்புகிறேன்.

மருந்தில்லாமல் இருப்பது வீம்பு என்று நினைக்காதீர்கள். நம் சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர், எல்லைக்கோட்டில் இருந்தவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள்: எதுவும் செய்யாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது, உணவையும் நடையையும் திருத்தியவர்களில் 39 பேருக்கு வந்தது, அவற்றோடு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் சேர்த்துக்கொண்டவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். நடந்தவர்களிலும் 39 பேருக்கு வந்ததை நான் மறக்கவில்லை. பரம்பரை நம் வீட்டில் இருக்கிறது. என்றைக்காவது எண் 48-ஐத் தொட்டால் மறுபேச்சின்றி மாத்திரை போட்டுக்கொள்வேன். ஆனால் இதைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையை நீங்கள் நிறுத்திவிடக் கூடாது. உங்களுக்கு வந்திருப்பது நீரிழிவேதான், என் நிலை வேறு. சர்க்கரைக்கு நல்லதென்று சிறுகுறிஞ்சான் பொடியையும் யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

பாப்பாவுக்கு மூன்று மாதச் சராசரி 5.8 சதவிகிதம் என்று வந்ததாக எழுதியிருந்தீர்கள். அவளுக்கு இரத்தசோகை இருக்கிறதல்லவா? இரும்புச்சத்துக் குறைவில் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் ஹீமோகுளோபினையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்து, டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி