புதன்கிழமை கடைசிப் பாடவேளை குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். புதிய நேர அட்டவணையில் புதன்கிழமை கடைசிப் பாடவேளையின் பின்பாதி, 20 நிமிடம், காலியாக இருக்கிறதே, அச்சுப் பிழையா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறோம். அந்த நேரத்தில் பாடம் கிடையாது. விளையாட்டு, ஓவியம், நூலகம் எதுவும் கிடையாது. பிள்ளைகள் சும்மா இருப்பார்கள்.

இந்த எண்ணம் எட்டாம் வகுப்பில் வந்தது. ஆசிரியர் ஒருவர் விடுப்பில் இருந்ததால் நான் போனேன். "இந்தப் பீரியடில் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் முதல் வரிசைப் பையன் கை தூக்கினான்: "சார், இதை நோட்டில் எழுதணுமா?" இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கணக்கு நோட்டை மடியில் வைத்து, யாருக்கும் தெரியாமல் வீட்டுப்பாடம் போடத் தொடங்கியிருந்தாள். இன்னொருவன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து திறந்து மூடினான். பாதிப் பேருக்குத் திடீரென்று தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. சிரிப்பு வந்தது, உண்மைதான். ஆனால் பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம், இவற்றுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் செல்போன் என்று ஓடும் பிள்ளைகளுக்கு வெறும் பத்து நிமிடத்தைக் கையில் கொடுத்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

பெரியவர்களும் இதில் லேசுப்பட்டவர்கள் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோதி வில்சன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் யோசனையோடு மட்டும் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் லேசான மின் அதிர்ச்சி. காசு கொடுத்தாவது அந்த அதிர்ச்சியைத் தவிர்ப்போம் என்று முன்பே சொன்னவர்கள்தான். அப்படியும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். ஆக, சும்மா இருக்க முடியாமல் தவிப்பது உங்கள் பிள்ளையின் தனிக் குறை அல்ல. சும்மா இருப்பது பழகினால்தான் வரும்.

ஒரே நேரத்தில் நாலு வேலை பார்ப்பதைத் திறமை என்று நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பெரும்பாலும் அது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் கதைதான். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். மாலையில் பள்ளி வாசலில் நானே பார்க்கிறேன். பிள்ளை நாள் முழுக்க நடந்ததைக் கொட்டுகிறது. பெற்றோரின் கட்டைவிரல் திரையில் ஓடுகிறது. வாய் மட்டும் "ம்ம்" என்கிறது. குற்றம் சொல்லவில்லை. அலுவலகம் அந்த நேரத்திலும் விடுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

"மதிப்பெண் குறையாதா?" என்ற கேள்விக்கு வருகிறேன். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் ஓய்வாக இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. மிக்கேலா டிவார் குழுவின் 2012 ஆய்வில், ஒரு கதையைக் கேட்டபின் இருட்டறையில் 10 நிமிடம் சும்மா இருந்தவர்களுக்கு அந்தக் கதை ஒரு வாரம் கழித்தும் நன்றாக நினைவிருந்தது. கேட்டதும் விளையாட்டுப் புதிருக்குள் போனால் அவ்வளவு நிற்கவில்லை. பங்கேற்றவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள், அதனால் அப்படியே நம் பிள்ளைகளுக்குப் பொருத்தமாட்டேன். ஆனாலும் படித்து முடித்த கையோடு செல்போனைக் கொடுக்கும் வழக்கத்தை யோசிக்க இது போதும்.

வீட்டிலும் இதைத் தொடர்ந்தால் நல்லது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: முதல் ஐந்து நிமிடம் கஷ்டமாகத்தான் இருக்கும். கை பரபரக்கும், பாக்கி வேலையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு உட்காருங்கள். மனம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். போன் சைலண்டில் இருந்தால் போதாது, வேறு அறையில் இருக்கட்டும். "போர் அடிக்குது" என்று பிள்ளை வந்து நின்றால், தயவுசெய்து உடனே யோசனை சொல்லாதீர்கள். "சரி, அடிக்கட்டும்" என்று விடுங்கள். அந்தச் சலிப்பைத் தாண்டினால்தான் அதற்குப் பிறகு ஏதாவது வரும்.

சும்மா இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே துணி மடிப்பவர்களும், இதற்கென்று ஒரு ஆப் தரவிறக்கி எத்தனை நிமிடம் என்று எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். அது இன்னொரு வேலை. உட்காரவே முடியாதவர்கள் காதில் எதுவும் மாட்டாமல் நடந்துவிட்டு வரலாம். இரண்டு வேலை பார்த்து வீடு திரும்பும் பெற்றோரிடம் அரைமணி ஒதுக்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் போன் பைக்குள்ளேயே இருந்தால் போதும்.

தனிமையிலோ அமைதியிலோ பயப்படுகிற, அழுகிற பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு வேறு ஏற்பாடு செய்கிறோம்.

அந்த 20 நிமிடத்தில் வீட்டுப்பாடத்தை முடிக்க அனுமதிக்கும்படி சில கடிதங்கள் வந்துள்ளன. அனுமதி இல்லை. புத்தகப் பைகள் வகுப்பிலேயே இருக்கும். ஆசிரியர்களும் அப்போது நோட்டு திருத்தமாட்டார்கள். புதன்கிழமை மாலை, "இன்றைக்கு அந்த நேரத்தில் என்ன செய்தாய்?" என்று பிள்ளையிடம் கேட்காமல் இருந்தால் பெரிய உதவி, கேட்டால் அடுத்த வாரம் பதில் சொல்வதற்காகவே எதையாவது செய்யத் தொடங்கிவிடுவார்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சனிக்கிழமை காலை 10 மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள், பேசலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்