முதல் எழுத்தைச் சொன்னவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர், பள்ளத்தூர் சுற்றுவட்டாரத்து அன்பர்களுக்கு,

வணக்கம். பேப்பரில் வாராவாரம் எழுதிவந்த என் கணினிப் பத்தியை சென்ற மாதத்தோடு நிறுத்திக்கொண்டேன். 28 வருடம் எழுதியாகிவிட்டது. கண் முன்னைப்போல இல்லை. போன வாரம் கல்லுக்கட்டி பக்கம் பார்த்த ஒருவர், "சார், நீங்க கம்ப்யூட்டர் எந்த காலேஜ்ல படிச்சீங்க?" என்று கேட்டார். நான் படித்தது பி.ஏ. வரலாறு. கோயில் திருவிழா, கண்மாய் உடைப்பு, பஸ் விபத்து என்று எழுதிக்கொண்டிருந்த உள்ளூர் நிருபர். அவருக்கு அங்கே நின்று பதில் சொல்ல முடியவில்லை, வெயில். அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, செக்காலை ரோட்டில் அச்சகம் வைத்திருந்த அண்ணனுக்கு. கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிப்பதற்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அது சும்மா கிடக்கும். "உடைக்காம பாத்துக்கங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். முகூர்த்த மாதங்களில் மட்டும் இடம் கிடைக்காது. நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதெல்லாம் ஆடியிலும் மார்கழியிலும்தான்.

அடுத்து மதுரை பஸ் கண்டக்டர்களுக்கு. கட்டுரையை பிளாப்பியில், அதாவது அந்தக் காலத்தில் கோப்புகளைச் சேமிக்கும் சதுரத் தகட்டில் போட்டு அவர்களிடம்தான் கொடுத்துவிடுவேன், மாட்டுத்தாவணியில் அலுவலகப் பையன் வாங்கிக்கொள்வான். ஒரு பிளாப்பியில் 1.44 எம்பிதான் பிடிக்கும். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதில் அடங்காது. ஒரு கண்டக்டர் பத்திரமாக இருக்கட்டும் என்று அதை பாட்டு ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டார். ஸ்பீக்கருக்குள் காந்தம். மதுரையில் திறந்தால் ஒன்றும் இல்லை. அந்த வாரம் காந்தமும் பிளாப்பியும் பற்றி எழுதினேன். அதைப் படித்துவிட்டு, மறுவாரம் முதல் அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். "சதுர அப்பளம் வந்தாச்சா?" என்று பஸ்ஸை இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்ததும் உண்டு.

இனி, புதுவயல் அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை ஐயா. இவருக்கு நன்றி சொல்வதற்கு முன் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பத்தி தொடங்கிய புதிது. கம்ப்யூட்டரில் சேரும் குப்பைக் கோப்புகளை அழிக்க, கட்டளையை எழுத்தாக அடித்து வேலை வாங்கும் பழைய இயங்குதளமான டாஸுக்கு ஒரு கட்டளை எழுதியிருந்தேன். அச்சில், நட்சத்திரக் குறிக்கும் புள்ளிக்கும் அப்புறம் வரவேண்டிய மூன்று எழுத்து அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஐயா முதல் வரியில் இருந்ததை அப்படியே அடித்துவிட்டார். அப்படி அடித்தால், பெயருக்குப் பின்னால் புள்ளியும் வால் எழுத்தும் இல்லாத கோப்புகள் மொத்தமும் அழியும். அவருடைய ஆலைக் கணக்குக் கோப்புகள் எல்லாம் வால் இல்லாதவை. 31 கோப்பு போயிற்று. சாயங்காலம் ஆலையிலிருந்து போன் வந்தது. திட்டவில்லை. "கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

சர்வீஸ் கடைத் தம்பி ஒருவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். போகும் வழியில் அவர் சொன்னதுதான் உயிர் கொடுத்தது. டாஸில் ஒரு கோப்பை அழித்தால், உள்ளே இருப்பதை அது தொடுவதே இல்லை. கோப்பின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு அங்கே ஒரு குறி வைக்கும், அது இருந்த இடம் காலி என்று எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறெதுவும் எழுதாதவரை மீட்டுவிடலாம். மீட்கும்போது ஒவ்வொரு கோப்புக்கும் முதல் எழுத்து என்ன என்று கேட்கும். எதைக் கொடுத்தாலும் கோப்பு வந்துவிடும், ஆனால் கணக்கு மென்பொருள் பழைய பெயரைத்தான் தேடும்.

ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் தலை போன பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "இது பி. பொன்னி. இது யு, உமி வரவு. இது எல், லாரி வாடகை." ஒரு இடத்திலும் யோசிக்கவில்லை. தவிட்டுத் தூசி கீபோர்டு முழுக்க. தம்பி அடிக்கும்போது சரக் சரக்கென்று சத்தம். 29 வந்தது. இரண்டு வரவில்லை. அவற்றைப் பேரேட்டைப் பார்த்து அவரே மறுபடி ஏற்றிக்கொண்டார்.

கிளம்பும்போது கேட்டார்: "பேரேட்டுல தப்பா எழுதிட்டா சுரண்டக் கூடாது தம்பி. குறுக்க ஒரு கோடு போட்டு அடிச்சிருவோம். அடியில எழுத்து தெரியும். உங்க பெட்டியும் அப்படித்தானா?"

அப்படியேதான். நான் இரண்டு பக்கத்தில் சொல்லத் திணறியிருப்பேன். அடுத்த வாரப் பத்தி அவருடைய அந்த வாக்கியத்தோடுதான் தொடங்கியது. கம்ப்யூட்டரை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பலர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று காட்டியவர்கள், பெரும்பாலும் கம்ப்யூட்டரோடு அதிகம் பழகாதவர்கள்.

நாங்கள் குடியிருந்த வீட்டு ஆச்சியும் அப்படித்தான். முகப்பை ஒட்டிய அறை எங்களுக்கு, வளவு முழுக்க அவர்களுக்கு. இரட்டைப் பூட்டு பற்றி, அதாவது கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் எண்ணையும் கேட்பது பற்றி, எழுதத் தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது ஆச்சி சொன்னார்கள்: "பெட்டகத்துச் சாவியும் அறைச் சாவியும் நாங்க ஒரே கொத்துல போடமாட்டோம்ப்பா." கடவுச்சொல்லை போனிலேயே குறித்து வைத்திருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு எனக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பை இருக்கும். வெள்ளைப் பணியாரத்துக்கும் சேர்த்து நன்றி ஆச்சி. இப்போது சொல்லக் கேட்க நீங்கள் இல்லை.

சிக்ரியில் இருந்து ஓய்வு பெற்ற விஞ்ஞானி ஒருவர், பெயர் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்த மின்வேதியியல் நிறுவனம் நம் ஊரில் இருப்பதால், பேட்டரி பற்றிச் சந்தேகம் வந்தால் நான் சென்னைக்குப் போன் போட வேண்டியதில்லை, சைக்கிளில் போனால் போதும். 2019 அக்டோபர் 9ஆம் தேதி லித்தியம் அயான் பேட்டரிக்காகக் குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு அறிவித்த அன்று அவர்தான் முதலில் கூப்பிட்டார். போனை நூறு வரைக்கும் ஏற்றி வெயிலில் வைக்காதே என்பதை அவர் சொன்ன விதம்: "வயிறு முட்டச் சாப்பிட்டவனை வெயில்ல நிக்க வைப்பியா?"

மதுரை அலுவலகத்து உதவி ஆசிரியருக்கு நான் பட்ட கடன் தனி. எங்கள் அச்சகத்து எழுத்துரு வேறு, அவருடையது வேறு. நான் தமிழில் அடித்தது அங்கே கமாவும் கேள்விக்குறியுமாக விழும். ஒவ்வொரு வாரமும் பேக்ஸ் நகலை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். 1999இல் அரசு பொதுக் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அறிவித்தது. எல்லா மொழிக்கும் ஒரே குறியீடான யூனிகோட் வந்தது, அதைப் பயன்படுத்தச் சொல்லி 2010இல் அரசாணையும் வந்தது. அவருடைய வேலை குறைய அத்தனை வருடம் ஆயிற்று. அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்!

கடைசியாக என் மனைவி. நான் எல்லாவற்றையும் பிளாப்பியில் சேமித்தேன். அவள் ஒவ்வொரு வாரமும் பேப்பரை வெட்டி, பழைய பேரேடு ஒன்றில் மைதா பசை போட்டு ஒட்டினாள். கேலி செய்திருக்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காகிதங்கள்தான், அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்குப் போய் இன்று ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அடுத்த ஊர்க்காரன் எனக்கு அது உறைக்கவில்லை. போன மாதம் பழைய பிளாப்பிகளை எடுத்தேன். பூஞ்சை பிடித்துக் கிடந்தன. 40இல் 11தான் திறந்தது. திறந்த 11இலும் தமிழ் இல்லை, ஒரே குறிகள்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். செக்காலை அச்சகத்து அண்ணனின் பிள்ளைகள் இதைப் படித்தால், பரணில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எழுத்துரு அதில்தான் இருக்கிறது. ஏணி நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணினிப் பத்தி எழுத்தாளன்,
காரைக்குடி